மஞ்சள் வேட்டிப் பிரிவின் உறுப்பினர்

காலையில் எழுந்ததும் பால் பாக்கெட்டை உள்ளே எடுத்து வைப்பேன். பாதியைக் காய்ச்சுவேன். மீதி மாலைக்கு. குளித்துவிட்டுத் தெருமுனைக்குப் போய் இட்லி வாங்கி வருவேன். தின்பேன். தட்டைக் கழுவிக் கவிழ்ப்பேன். பிறகு என் செல்போனையும் என் மனைவி யோகலட்சுமியின் செல்போனையும் சார்ஜரிலிருந்து கழற்றுவேன். கடைச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்புவேன்.

முதல் செய்தி அவளுடைய போனுக்குத்தான் வரும். ஆங்கிலத்தில், எல்லாம் பெரிய எழுத்தில். ‘இனிய காலை வணக்கம் யோகலட்சுமி. இன்று ஒரு புதியவரைச் சந்தித்துவிட்டீர்களா?’

யோகலட்சுமி இறந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. டெங்கு. இது 2009.

செய்தியை அனுப்புவது திருத்தணி வணிக இணைப்பு வட்டம். அவள் அதில் உறுப்பினராக இருந்தாள். இருந்தாள் என்று நான் சொல்கிறேன். இருக்கிறாள் என்று வட்டம் சொன்னது.

மலையடிவாரத்தில் எங்களுக்கு ஒரு கடை. காவடி எடுப்பவர்களுக்கு மஞ்சள் வேட்டியும் துண்டும் விற்கிறோம். சரக்கு ஆர்.கே.பேட்டையில் என் மாமனார் ராஜகோபாலின் விசைத்தறியில் நெய்தது. ஆடிக் கிருத்திகைக்குக் கடையில் நிற்க இடமிருக்காது. மற்ற மாதங்களில் ஈ உட்காரும். முருகன் கோயில் உள்ள மற்ற ஊர்களுக்கும் சரக்கு அனுப்பலாம், அதற்கு ஆட்களைத் தெரிந்திருக்க வேண்டும் என்றாள் யோகலட்சுமி. நான் பி.காம். படித்தவன், ஆனால் யாரிடமும் பேசமாட்டேன். அவள் பேசுவாள். அதனால் அவள் போய்ச் சேர்ந்தாள்.

வட்டம் வியாழக்கிழமைதோறும் விடிந்ததும் கூடும். இடம், தலைவர் சேஷகிரியின் கல்யாண மண்டபத்தில் உள்ள சாப்பாட்டுக் கூடம். ஒரு தொழிலுக்கு ஓர் உறுப்பினர் மட்டுமே உண்டு. ஒவ்வொருவரும் கழுத்தில் டையுடன் எழுந்து ஒரு நிமிடம் தன்னைப் பற்றிப் பேச வேண்டும். நிமிடம் முடிந்தால் செயலாளர் நவீன்குமார் மணி அடிப்பான். பூஜை மணி. பிறகு ஒவ்வொருவரும் இன்னொருவருக்கு ஒரு சிபாரிசு தர வேண்டும். சேஷகிரி தன் மண்டபத்துக்கு ஜெனரேட்டர்காரரைச் சிபாரிசு செய்வார். ஜெனரேட்டர்காரர் பரசுராமனின் அச்சகத்தைச் சிபாரிசு செய்வார். பரசுராமன் சேஷகிரியின் மண்டபத்தைச் சிபாரிசு செய்வார். மூவரும் ஒரே மேசையில் பொங்கல் தின்றுகொண்டிருப்பார்கள். இதற்கு வணிகச் சுழற்சி என்று பெயர்.

உண்மையில் தொழில் வளர்ந்தது பரசுராமனுக்கு மட்டும்தான். எல்லோருக்கும் விசிட்டிங் கார்டு அடித்தவர் அவர்.

நவீன்குமார் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தான். வட்டத்துக்காக ஓர் இணையதளம் செய்திருந்தான். அதில் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம். போட்டோ, தொழில், திறமைகள், எத்தனை பேருடன் இணைப்பு என்ற எண்ணிக்கை. வெவ்வேறு ஊர்களில் உள்ள வட்டங்களின் உறுப்பினர்கள் இணைப்புக் கேட்பார்கள். இவர்கள் கொடுப்பார்கள். கொடுத்த பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை. அடுத்தவரிடம் கேட்பார்கள்.

அவள் இருந்தபோது வந்த ஆடிக் கிருத்திகைக்கு சேஷகிரிக்கு ஒரு யோசனை வந்தது.

“லட்சக்கணக்கான ஜனம் நம்ம ஊர் தேடி வருது. எவனோடயாவது நமக்கு கனெக்‌ஷன் உண்டா? கூட்டத்த வேடிக்கை பார்க்கறவன் பக்தன். கூட்டத்துகிட்ட கார்டு குடுக்கறவன் தொழிலதிபர்” என்றார்.

காவடி எடுப்பவனுக்கு இரண்டு கைகளும் காவடியில் இருக்கும். கார்டை வாங்க முடியாது. வேண்டாம் என்று கையாட்டவும் முடியாது. இரண்டாவது காரணத்தை வட்டம் முக்கியமாகக் கருதியது. உறுப்பினர்கள் படிக்கட்டின் இருபுறமும் நின்று, ஏறுகிறவர்களின் புஷ்பக் காவடியில் பூவுக்கு நடுவே கார்டுகளைச் செருகினார்கள். பூவோடு அவையும் மலையேறின. மறுநாள் கோயிலில் கூட்டிப் பெருக்கும் எல்லம்மாள் ஒரு சாக்கைச் சுமந்துகொண்டு மண்டபத்துக்கு வந்தாள்.

“பூ வார சொல்ல இத்தினி கெடச்சிது சாமி. அல்லாத்துலயும் உங்க பேர் போட்டுகிதுன்னாங்க. குப்பைல போட்டா பாவமோ இன்னாவோன்னு எடுத்தாந்தேன்.”

‘மலையிலிருந்து முதல் மறுமொழி கிடைத்துள்ளது’ என்று அன்றைய நடவடிக்கைக் குறிப்பில் எழுதினார்கள்.

யோகலட்சுமி வீட்டுக்கு வந்து இதைச் சொன்னாள். “மண்டபத்து கார்டெல்லாம் முருகன் காலாண்ட போய்க்கிது. அவருக்குத்தான் ரெண்டு கல்யாணமும் முடிஞ்சி போச்சே, இன்னாத்துக்குங்க மண்டபம்?” என்றாள். சிரித்துவிட்டு, அடுத்த வியாழக்கிழமைக்கான ஒரு நிமிடப் பேச்சை என் முன் ஒத்திகை பார்த்தாள். வெளியூரிலிருந்து ஒரு ஆர்டராவது வரும் என்று அவள் நம்பினாள். வரவில்லை.

அவள் இறந்த வாரம் வட்டம் இரங்கல் கூட்டம் நடத்தியது. நானும் மாமாவும் முன் வரிசையில் உட்கார வைக்கப்பட்டோம். ஒவ்வொருவருக்கும் ஒரு நிமிடம். பழக்கத்தை அவர்களால் மாற்றிக்கொள்ள முடியவில்லை.

“யோகலட்சுமி அம்மையாரின் மறைவு ஈடுசெய்ய முடியாத இழப்பு. வீட்டுக்கும் கடைக்கும் ஏற்ற எல்லா அளவு ஏசியும் நம்மிடம் கிடைக்கும்” என்றார் ஒருவர். மணி அடித்தது.

“கரண்ட் போனா திரும்ப வர வைக்கலாம். உயிர் போனா முடியாது. கரண்டுக்கு நான் பொறுப்பு” என்றார் ஜெனரேட்டர்காரர். மணி அடித்தது.

எல்லோரும் கை தட்டினார்கள். வட்டத்தில் யார் பேசி முடித்தாலும் கை தட்ட வேண்டும்.

அதற்குப் பிறகு யோகலட்சுமி வளர ஆரம்பித்தாள்.

யார் இணைப்புக் கேட்டாலும் தானாக ஒப்புக்கொள்ளும்படி அவளுடைய பக்கத்தை நவீன்குமார் அமைத்திருந்தான். உயிரோடிருந்தபோது அவள் அவ்வப்போது உள்ளே போய், தெரியாதவர்களை நீக்கிக்கொண்டிருந்தாள். இப்போது நீக்க ஆளில்லை. கோயம்புத்தூர், ஈரோடு, விஜயவாடா என்று ஆட்கள் சேர்ந்தார்கள். முகம் பார்த்திராத ஒருவர் அவளுக்குத் தலைமைப் பண்பு இருப்பதாகச் சான்று அளித்தார். இன்னொருவர் நேர மேலாண்மைக்கு அளித்தார். நாலைந்து மாதங்களில் வட்டத்திலேயே அதிக இணைப்புகள் உள்ளவள் என் மனைவி.

இதெல்லாம் எனக்குத் தெரியாது. மாமா சொல்லித்தான் தெரிந்தது.

அவளுடைய பக்கத்தில் தொடர்புக்கு என்று ஆர்.கே.பேட்டை தறிக்கொட்டகையின் லேண்ட்லைன் எண் கொடுக்கப்பட்டிருந்தது. ஒருநாள் மாமா டவுன் பஸ் பிடித்துக் கடைக்கு வந்தார். ஸ்டூலில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் மஞ்சள் வேட்டிக் கட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மாப்ள, இன்னிக்கும் ஒரு போன். ஈரோட்டுக்காரரு. உங்க பொண்ணு ஒரு வருசம் முடிச்சிட்டாங்க, வாழ்த்துகள்னாரு. இன்னாத்த முடிச்சிதுன்னு எனக்குப் புரியல. சரிங்கன்னு வெச்சிட்டேன்.”

“இல்லன்னு சொல்லிட வேண்டியதுதான மாமா.”

“சொல்லிப் பாத்தேம்பா. சாரின்றாங்க. சாரின்னுட்டு அவங்க இன்னா தொழில் பண்றாங்கன்னு சொல்றாங்க. ஒருத்தரு சோலார் ஹீட்டராம். கேட்டுகினு நின்னேன்.”

டீ வாங்கிக் கொடுத்தேன். குடிக்கவில்லை.

“தறி ஓடசொல்ல போன் சத்தம் கேக்காது. கேக்காம பூடுச்சுன்னா இன்னா பண்றதுன்னு அத்த நிறுத்தி நிறுத்தி பாக்கறேன். மணி அடிச்சா ரெண்டு மூணு தபா வுட்டுட்டுத்தான் எடுக்கறேன் மாப்ள. அன்னிக்கி அந்த போன்லதான நீ சொன்ன. அந்த பேர மட்டும் எடுக்கச் சொல்லு. வேற ஒண்ணும் வேணாம்.”

அன்று மாலையே பிரவுசிங் சென்டருக்குப் போனேன்.

“பேர எடுக்கணும்னா மெம்பரே லாகின் பண்ணி எடுக்கணும் சார்” என்றான் நவீன்குமார்.

“அவ செத்துட்டா.”

“தெரியும் சார். மாலைக்கு கலெக்‌ஷன் பண்ணதே நான்தான். ஆனா சிஸ்டத்துக்குத் தெரியாதுல்ல.”

“நீ சொல்லு சிஸ்டத்துக்கு.”

“அதுக்கு ஆப்ஷன் வெக்கல சார். ‘விலக விரும்புகிறேன்’னுதான் ஒரு பட்டன் கீது. அவங்க விரும்பினாங்களா? நீங்க தலைவரப் பாருங்க.”

சேஷகிரி மண்டபத்து அலுவலகத்தில் இருந்தார். பக்கத்து நாற்காலியில் ஞானம்மாள் உட்கார்ந்திருந்தார். திருமணத் தகவல் நிலையம் நடத்துபவர். வட்டத்தில் மூத்த உறுப்பினர்.

“வாங்க தம்பி. ஒக்காருங்க. உங்க கார்டு?”

“கார்டு இல்லைங்க.”

அவர் முகத்தில் முதல்முறையாக எனக்காக ஒரு வருத்தம் தெரிந்தது. விஷயத்தைச் சொன்னேன்.

“ஒரு உறுப்பினர நீக்கணும்னா கூட்டத்துல தீர்மானம் கொண்டாரணும் தம்பி. தீர்மானம் கொண்டார உறுப்பினருக்குத்தான் உரிமை. நீங்க விருந்தினர்.”

“அப்ப நான் சேர்றேன்.”

“ரொம்ப சந்தோஷம். என்ன பிரிவு?”

“மஞ்சள் வேட்டி.”

“மஞ்சள் வேட்டிப் பிரிவு காலி இல்லையே.”

“யாரு இருக்காங்க?”

“உங்க சம்சாரம்.”

அவர் சிரிக்கவில்லை. ஒரு தொழிலுக்கு ஓர் உறுப்பினர் என்ற விதியை உடைத்தால் வட்டத்தில் ஒழுங்கு என்ன ஆகும் என்று கேட்டார். ஞானம்மாளைப் பார்த்து, நீங்களாவது தீர்மானம் கொண்டுவரக் கூடாதா என்றேன்.

“கஷ்டம் தம்பி. அந்தப் பொண்ணு மேல எனக்கு எவ்ளோ பாசம் தெரியுமா” என்றார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். “ஆனா இதுக்கு வேற வழி ஒண்ணு கீது. மணவூர்ல ஒரு பொண்ணு. ஸ்டேஷன் பக்கத்துலயே வீடு. அடக்கமான பொண்ணு, டிப்ளமா. எனக்கும் இந்த வாரம் ஒரு சிபாரிசு கொறையுது. வரப்போற பொண்ணு அந்தப் பக்கத்தையே வெச்சிக்கட்டும். போட்டோ மட்டும் மாத்தினா போதும். கனெக்‌ஷன் எல்லாம் அப்படியே இருக்கும், வீணாப் போவாது.”

“நல்ல யோசனை” என்றார் சேஷகிரி. “தொடர்ச்சி அறுபடாது.”

நான் எழுந்து வந்துவிட்டேன். வாசல் வரை கூடவே வந்த ஞானம்மாள் என் சட்டைப் பையில் ஒரு கார்டைச் செருகினார். என் கைகள் சும்மாதான் இருந்தன. இருந்தும் மறுக்கத் தோன்றவில்லை.

கடைசியில் உண்மையைச் சொன்னவர் பரசுராமன். அச்சகத்தில் புரூஃப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“சென்னைல கீற தலைமை, அதிக கனெக்‌ஷன் கீற வட்டத்துக்கு தங்க வட்டம்னு பட்டம் குடுக்கறாங்க. நாங்க பட்டத்துக்கு நெருங்கிட்டோம். எங்க யாரு பக்கத்துலயும் ஒண்ணும் இல்லங்க. அல்லாம் உங்க வீட்டம்மாவுதுதான். அவங்கள எடுத்துட்டா நாங்க பித்தள வட்டங்கூட கெடையாது.”

பட்டம் கிடைத்துவிட்டது. அடுத்த மாதம் மண்டபத்தில் விழா வைத்தார்கள். சிறந்த இணைப்பர் விருது யோகலட்சுமிக்கு. பெற்றுக்கொள்ள மாமாவை அழைத்தார்கள். விழா முடிந்ததும் கோரிக்கையைப் பரிசீலிக்கிறோம் என்று சேஷகிரி சொன்னதால் நானும் போனேன். மாமா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை அணிந்து வந்திருந்தார். காலர் பொத்தான் வரை போட்டிருந்தார்.

மேடைக்குப் பின்னால் பெரிய பேனர். யோகலட்சுமியின் போட்டோ. கல்யாண ஆல்பத்திலிருந்து எடுத்தது. என்னை வெட்டியிருந்தார்கள், தோளில் என் விரல்கள் மட்டும் மிச்சம். கீழே கொட்டை எழுத்தில்: ‘வட்டம் வளரட்டும் – யோகலட்சுமியின் கடைசி வார்த்தைகள்.’

சிறப்பு விருந்தினர் சென்னையிலிருந்து வந்த ஸ்கந்தகுமார். மண்டலத் தொடர்பு இயக்குநர். அவருக்கு மணி கிடையாது.

“யோகலட்சுமி அவர்களைப் பாருங்கள்” என்று பேனரைக் காட்டினார். “யாருடைய அழைப்பையும் மறுத்ததில்லை. எந்தக் கூட்டத்திலும் குறுக்கே பேசியதில்லை. வட்டத்தால் எனக்கு என்ன லாபம் என்று ஒருநாளும் கேட்டதில்லை. நான் ஊர் ஊராகப் போகிறேன். உறுப்பினர்கள் என்னைப் பிடித்துக்கொண்டு ஆர்டர் வரவில்லை, ஆர்டர் வரவில்லை என்கிறார்கள். இவர் கேட்டாரா? உயிரோடு இருப்பவர்கள் இவரிடம் பாடம் கற்க வேண்டும். எல்லா உறுப்பினர்களும் இவரைப் போல ஆகிவிட்டால் நம் இயக்கத்தை எவராலும் அசைக்க முடியாது.”

கைதட்டல்.

பிறகு சேஷகிரி. “ஆஸ்பத்திரில அவங்க படுக்கை பக்கத்துல நின்னவன் நான். பெத்தவங்கள தேடல. கட்டினவர தேடல. என்னைப் பார்த்தாங்க. வட்டம் வளரட்டும்னு சொன்னாங்க. கண்ண மூடிட்டாங்க. தொழில் உறவுன்னா இதாங்க. ரத்த உறவு பக்கத்து ஊர்ல இருந்துகினு பஸ்ஸுக்குக் காத்துகினு இருக்கும். தொழில் உறவு கார்ல வந்து நிக்கும்.”

கைதட்டல். மாமாவும் தட்டினார். எல்லோரும் தட்டும்போது தட்டாமல் இருப்பது மரியாதை இல்லை என்று நினைத்திருப்பார். இரண்டு தட்டுக்குப் பிறகு கைகளை மடியில் வைத்துக்கொண்டார்.

விருதைக் கொடுத்து அவர் கையில் மைக்கையும் கொடுத்தார்கள். அவர் திரும்பிப் பேனரைப் படித்தார். எழுத்துக் கூட்டிப் படிப்பவர். நேரம் எடுத்தது. மைக்கில் அவர் மூச்சு கேட்டது.

“மாப்ள” என்றார். கூட்டத்தைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். “பஸ்ஸுக்கு நின்னது நெசந்தான். நான் வந்து சேரசொல்ல எல்லாம் முடிஞ்சி போச்சு. உன்கிட்ட இத்தினி நாளா நான் கேக்கல. கேட்டா உனக்குக் கஷ்டமா இருக்கும்னு வுட்டுட்டேன். நைனா எங்கன்னு கூட அது கேட்டிருக்கும்னு நானா நெனச்சிகினு இருந்தேன். இதோ எழுதி வெச்சிகிறாங்களே, இது நெசமா? எம்பொண்ணு இதத்தான் சொல்லிச்சா?”

நவீன்குமார் மணி அடித்தான்.

மாமா மைக்கை என்னிடம் நீட்டினார். விருந்தினருக்குப் பேச உரிமை இல்லை என்று சேஷகிரி முணுமுணுத்தது மைக்கில் விழுந்தது. நான் வாங்கி, மாமாவிடம் சொன்னேன். மைக் போட்டிருந்ததால் மற்றவர்களும் கேட்டார்கள். நான் முடித்ததும் கை தட்டுவதா வேண்டாமா என்று யாருக்கும் தெரியவில்லை. சமையல் கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ஒரு பெண் மட்டும் சத்தமாகச் சிரித்தாள்.

மாமாவை ஆர்.கே.பேட்டையில் விடப் பஸ்ஸில் கூடப் போனேன். ஊர் வந்து இறங்கும்போது, “அது அப்படித்தான் கேக்கும்” என்றார். “சின்னதுலருந்தே அப்படித்தான்.” சட்டையின் காலர் பொத்தானைக் கழற்றிவிட்டுக்கொண்டார்.

அடுத்த வியாழக்கிழமை வட்டத்தின் அவசரக் கூட்டம். தீர்மானத்தை ஞானம்மாள் கொண்டுவந்தார். பரசுராமன் வழிமொழிந்தார். வட்டத்தின் கண்ணியத்துக்குக் குந்தகம் விளைவிக்கும் வகையில் பேசியதற்காக மஞ்சள் வேட்டிப் பிரிவின் உறுப்பினர் யோகலட்சுமி நீக்கப்பட்டார். என்மீது நடவடிக்கை இல்லை. நான் உறுப்பினர் அல்ல. மதியத்துக்குள் அவளுடைய பக்கத்தை எடுத்துவிட்டார்கள். தறிக்கொட்டகைக்கு இப்போது போன் வருவதில்லை. தறி நிற்காமல் ஓடுகிறது.

மைக்கில் நான் சொன்னது அதிகமில்லை. திருவள்ளூரில் ஆஸ்பத்திரி. பார்வையாளர் நேரம். சேஷகிரியும் நவீன்குமாரும் ஞானம்மாளும் ஆப்பிளோடு வந்தார்கள். யோகலட்சுமி கண்ணை மூடிக்கொண்டாள். தூங்குகிறாள் என்று நானும் நினைத்தேன். சேஷகிரி பக்கத்துப் படுக்கைக்காரரின் உறவினரோடு கார்டு மாற்றிக்கொண்டார். ஞானம்மாள் நர்ஸிடம் கல்யாணம் ஆகிவிட்டதா என்று விசாரித்தார். நவீன்குமார் இணையதளத்தில் போட ஒரு படம் எடுத்தான். டிரிப் ஏறிய கை தெரியும்படி ஒன்று, தெரியாதபடி ஒன்று. பிறகு, தைரியமா இருங்க தம்பி, வட்டம் இருக்கு என்று என் முதுகில் தட்டிவிட்டு மூவரும் கிளம்பினார்கள். மாடிப்படியில் செருப்புச் சத்தம் தேய்ந்தது.

அதற்குப் பிறகு அவள் ஒன்றே ஒன்றுதான் பேசினாள். மறுநாள் காலையில் அவள் இல்லை. என் மணிக்கட்டைத் தொட்டு, கண்ணைத் திறக்காமல் கேட்டாள்.

“அவங்கல்லாம் பூட்டாங்களா?”